தெரிந்த சொல் ஏன் வாய்க்கு வருவதில்லை?

மூன்று மாதமாகத் தினமும் 10 கடினமான ஆங்கிலச் சொற்களையும் 2 இடியம்களையும் (மரபுத்தொடர்களையும்) மனப்பாடம் செய்து வருகிறீர்கள். நோட்டில் 900 சொற்கள் சேர்ந்துவிட்டன. ஆனால் மீட்டிங்கில் வாயைத் திறந்தாலும் சரி, மெயில் எழுத உட்கார்ந்தாலும் சரி, பழைய சொற்களேதான் வருகின்றன. "வேறு எந்தப் பட்டியலைப் படிக்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்ட வரையில் நீங்கள் கேட்க நினைப்பது இரண்டு விஷயம். படித்த சொல் வேண்டிய நேரத்தில் ஏன் வருவதில்லை என்பது ஒன்று. நான் நினைப்பது நினைத்த மாதிரியே எதிரில் இருப்பவருக்குப் போய்ச் சேர என்ன செய்ய வேண்டும் என்பது இன்னொன்று. இந்த இரண்டுக்கும்தான் பதில் எழுதுகிறேன்.

வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதும், அவர்கள் எழுதும் மெயில்களையும் அறிக்கைகளையும் திருத்திக் கொடுப்பதும் இருபது ஆண்டுக்கு மேலாக என் தொழில். கீழே சொல்வதில் ஒரு பகுதி மொழியியலில் நன்றாக நிறுவப்பட்டது. இன்னொரு பகுதி என் வகுப்பறை அனுபவம் மட்டுமே. எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்கும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் இது அப்படியே பொருந்தாது. அரிய சொல்லுக்குப் பொருள் கேட்கிற தேர்வென்றால் பட்டியலைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

ஒரு மெயிலில் தொடங்குகிறேன். என்னிடம் படித்த ஒருவர், வேறு நாட்டில் இருக்கும் சக ஊழியர் அனுப்பிய அறிக்கையைப் படித்துவிட்டு இப்படி எழுதினார்: "ஐ ஹேவ் சம் டவுட்ஸ் இன் யுவர் ரிப்போர்ட். கைண்ட்லி கிளாரிஃபை அட் தி எர்லியஸ்ட்." இலக்கணப் பிழை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லாம் தெரிந்த சொற்கள்தான். ஆனால் வந்த பதில் சுருக்கென்று இருந்தது; மேலதிகாரிக்கும் நகல் போயிருந்தது. இவருக்கு ஏன் என்றே விளங்கவில்லை. தமிழில் 'சந்தேகம்' என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. வகுப்பில் கையைத் தூக்கி "சார், ஒரு சந்தேகம்" என்றால், புரியவில்லை, விளக்குங்கள் என்று பொருள். "எனக்கு அவன் மேல சந்தேகம்" என்றால் நம்பிக்கை இல்லை என்று பொருள். உலகின் பல இடங்களில் 'டவுட்' என்பது இந்த இரண்டாவது வேலையை மட்டும்தான் பார்க்கும். "உங்கள் அறிக்கையை நான் நம்பவில்லை, உடனே விளக்கம் கொடுங்கள்" என்றுதான் அது அந்தப் பக்கத்தில் போய் விழுந்திருக்கிறது.

நாங்கள் இருவரும் உட்கார்ந்து அதை மாற்றி எழுதினோம்: "தேங்க்ஸ் ஃபார் தி ரிப்போர்ட். குட் யூ வாக் மீ த்ரூ பேஜ் ஃபோர்? ஐம் நாட் ஷ்யூர் ஐ அண்டர்ஸ்டாண்ட் தி செகண்ட் டேபிள்." இதில் அகராதியைப் புரட்ட வேண்டிய சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் நடுவில் ஓர் இடியம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. 'வாக் மீ த்ரூ' என்றால், கூடவே நடந்து வந்து ஒவ்வொன்றாகக் காட்டுங்கள் என்று பொருள். உங்கள் 900 சொல் நோட்டில் இது இருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் 'வாக்', 'த்ரூ' இரண்டும் சின்ன வயதிலேயே படித்து முடித்தவை. நான் சொல்ல வருவது முழுக்க இந்த ஒரு திருத்தத்துக்குள் அடங்கிவிடும். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள் எவற்றோடு சேரும், எங்கே சேராது, யாரிடம் எடுபடும் என்பதில்தான் குறை இருக்கிறது. அந்தக் குறையைப் புதுச் சொல் எத்தனை சேர்த்தாலும் நிரப்ப முடியாது.

தமிழில் இது நமக்கு யோசிக்காமலே வருகிறது. மழை பெய்கிறது, காற்று வீசுகிறது, வெயில் அடிக்கிறது, மின்னல் வெட்டுகிறது, இடி இடிக்கிறது. மின்னல் பெய்கிறது என்று நான்கு வயதுக் குழந்தைகூடச் சொல்லாது. யாரும் விதி சொல்லித் தரவில்லை. சேர்த்தே கேட்டோம், சேர்த்தே பேசினோம். சொற்கள் இப்படிச் சேர்ந்து வருவதை ஆங்கிலத்தில் கொலொகேஷன் என்பார்கள். ஒரு சொல்லை அது எந்தச் சொற்களோடு கூடி வருகிறது என்பதை வைத்துத்தான் அறிய முடியும் என்ற கருத்தை ஜே. ஆர். ஃபர்த் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர் 1957இல் எழுதினார். கோடிக்கணக்கான சொற்களைக் கணினியில் போட்டு அலசிய பின்னாளைய ஆய்வுகள் அதைப் பக்கம் பக்கமாக உறுதிப்படுத்தின. இந்த விஷயத்தில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது.

நாம் சறுக்குவதும் இங்கேதான். தப்பு 'பண்ணுகிறோம்' என்பதால் 'டூ எ மிஸ்டேக்' என்று வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அது 'மேக் எ மிஸ்டேக்'. கனவு 'காண்கிறோம்', அங்கே 'ஹேவ் எ ட்ரீம்'. லைட்டைப் 'போடுகிறோம்', அங்கே 'டர்ன் ஆன்'. ஒன்றைப் 'பற்றி' விவாதிக்கிறோம் என்பதால் 'டிஸ்கஸ் அபவுட்' என்கிறோம். அங்கே 'டிஸ்கஸ்' என்பதற்குப் பின்னால் 'அபவுட்' வேண்டியதில்லை. சில இடங்களில் இரண்டு மொழிகளும் அதிசயமாக ஒத்துப்போகும். நாம் கவனம் 'செலுத்துகிறோம்', அவர்கள் 'பே அட்டென்ஷன்' என்கிறார்கள். நம் கனமழை அங்கேயும் 'ஹெவி ரெய்ன்'தான். தேவையில்லாத இடத்தில் தலையிடுபவரை நாமும் மூக்கை நுழைக்கிறார் என்கிறோம், அவர்களும் மூக்கைத்தான் சொல்கிறார்கள். ஒத்துப்போகிறவற்றை விட்டுவிடுங்கள், அவை தானாக வரும். ஒத்துப்போகாதவற்றை மட்டும் குறித்துக்கொண்டால் படிக்க வேண்டிய சுமை வெகுவாகக் குறையும்.

ஒரே ஒரு சின்னச் சொல்லை எடுத்துப் பார்ப்போம். 'கீப்'. இதன் பொருள் 'வைத்திரு' என்று பள்ளியில் படித்தோம், அத்தோடு மூடிவிட்டோம். 'கீப் எ ப்ராமிஸ்' என்றால் வாக்கைக் காப்பாற்றுவது. 'கீப் எ ரெக்கார்ட்' என்றால் குறித்து வைப்பது. 'கீப் இன் மைண்ட்' என்றால் மனதில் வைத்துக்கொள்வது. 'கீப் அப் வித்' என்றால் ஈடுகொடுப்பது. 'கீப் ட்ராக் ஆஃப்' என்றால் என்ன நடக்கிறது என்று விடாமல் பார்த்துக்கொண்டிருப்பது. 'கீப் சம்ஒன் வெயிட்டிங்' என்றால் ஒருவரைக் காக்க வைப்பது. 'கீப் மீ போஸ்டட்' என்றால் அவ்வப்போது எனக்குத் தகவல் சொல்லுங்கள் என்பது. தமிழில் இவற்றுக்குப் பல வினைகள், அங்கே எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஒரு வாரம் முழுக்க 'கீப்' மட்டும் எடுத்துக்கொண்டு, இந்த ஏழில் நான்கை உண்மையான மெயிலில் பயன்படுத்திவிட்டால், மனப்பாடம் செய்த 70 கடினச் சொற்களைவிட உங்கள் ஆங்கிலம் அதிகம் மாறும் என்று என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன். 'கெட்', 'டேக்', 'மேக்', 'புட்', 'செட்', 'ரன்', 'டர்ன்' எல்லாமே இந்த வகைதான்.

அப்படியானால் சொல்வளமே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், ஆனால் எதற்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நியூசிலாந்தைச் சேர்ந்த மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் ஒரு கணக்குப் போட்டார். ஒரு பக்கத்தில் உள்ள சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருந்தால் உதவியில்லாமல் படிக்கலாம் என்று வைத்துக்கொண்டால், நாவலோ செய்தித்தாளோ படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும். பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000 போதும். சொற்குடும்பம் என்றால் 'ஹெல்ப்', 'ஹெல்ப்ஃபுல்', 'ஹெல்ப்லெஸ்' எல்லாம் சேர்ந்து ஒன்று. இது படிப்பதற்கும் கேட்பதற்கும் உள்ள கணக்கு. பேசுவதற்கு இதில் ஒரு சிறு பகுதியே வேண்டியிருக்கும். சி. கே. ஆக்டன் என்பவர் 1930இல் வெறும் 850 சொற்களில் 'பேசிக் இங்கிலீஷ்' என்ற எளிய ஆங்கிலத்தையே உருவாக்கிக் காட்டினார்.